ஹுவாச்சியாங்பேயில் ஒரு போர்டு

ஹாங்காங்கிலிருந்து ஷென்ஜெனுக்கு நடந்தே போய்விடலாம். கிழக்கு ரயில் பாதையில் லோ வூ வரை வந்து, குடியேற்றச் சாவடியில் பாஸ்போர்ட்டை நீட்டி, கூரை வேய்ந்த பாலம் ஒன்றைக் கடந்தால் அக்கரையில் சீனப் பெருநிலம். கீழே ஓடும் ஷென்ஜென் ஆறு அப்படியொன்றும் அகலமில்லை. என்னோடு நடந்தவர்களில் ஊர் சுற்ற வந்தவர்கள் குறைவு. சக்கரப் பெட்டியும் கைவண்டியுமாகச் சரக்கு எடுக்க வந்தவர்களே அதிகம். மறுபக்கச் சாவடியில் கைரேகை, முத்திரை. வெளியே வந்ததும் லுவோஹு. அங்கே மெட்ரோவின் முதல் பாதையில் ஏறினேன். சில நிலையங்கள் தள்ளி ஹுவாச்சியாங் சாலை. மின்னணுச் சாமான் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது வந்து பார்க்க ஆசைப்படும் ஹுவாச்சியாங்பே கடைவீதி அங்கேதான் இருக்கிறது.

எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. எங்கள் ஊர் நூலகத்தின் வாசலில் எல்.இ.டி. எழுத்துப் பலகை ஒன்று வைக்க வேண்டும்: இன்றைக்குத் திறந்திருக்கும் நேரம், புதிதாக வந்த நூல்கள், குழந்தைகளுக்கான கதை நேரம். நூலகர் முதலில் விலைக்கு ஒன்று வாங்கியிருந்தார். அதன் கட்டுப்பாட்டு அட்டையோடு வந்த மென்பொருளில் ‘செய்தி’ என்று தட்டினால், சகரம் முன்னால் வந்து கொம்பு அதற்குப் பின்னால் போய் நின்றது. ‘கொ’வில் கொம்பும் காலும் எங்கெங்கோ ஒட்டிக்கொண்டன. விற்றவரிடம் கேட்டால், எழுத்தைப் படமாக மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொரு அறிவிப்புக்கும் நூலகர் உட்கார்ந்து படம் வரைய முடியுமா? அந்த அட்டைக்குள் என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க வழியில்லை. மென்பொருளும் மூடியது, சில்லில் ஏற்றிய நிரலும் மூடியது. எழுத்து சரியாகத் தெரிய வேண்டும் என்ற ஒரு நியாயமான ஆசைக்கு, முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் தயவு தேவைப்பட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் திறந்து பார்க்கக்கூடிய, திருத்தக்கூடிய ஒரு டிரைவர் போர்டை நாமே கட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

கட்டுவதற்கு நல்ல வரைபடம் ஏற்கெனவே இருந்தது. ஹென்னர் செல்லர் என்ற பொறியாளர், ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியிலிருந்து நேராக எல்.இ.டி. பேனல்களை ஓட்ட ஒரு நிரல் தொகுப்பை எழுதி, அதற்குப் பொருத்தமான போர்டின் வரைபடத்தையும் சேர்த்து வெளியிட்டிருக்கிறார். வரைந்த கருவி கீகேட். 1992-இல் பிரான்சின் கிரெனோபிளில் ஜான்-பியர் ஷாரா என்ற ஆசிரியர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. பின்னாளில் செர்ன் ஆய்வகமே ஆட்களைப் போட்டு அதை வளர்த்தது. ஆக, சுற்று வரைபடத்தைப் படிக்கவும், போர்டின் தடங்களை மாற்றவும், தொழிற்சாலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகளை எடுக்கவும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. கோப்புகளை ஷென்ஜெனிலேயே ஒரு போர்டுத் தொழிற்சாலைக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். சின்ன ஆர்டர் என்றாலும் ஐந்து போர்டுகள் என்பது அங்கே வழக்கம். நான் தங்கிய விடுதியின் வரவேற்பு மேசையில், பச்சை நிறத்தில், காற்றில்லாமல் உறையிட்டு, அவை எனக்கு முன்னால் வந்து காத்திருந்தன. மீதிச் சாமான்களைக் கடைவீதியில் வாங்க வேண்டும்.

ஹுவாச்சியாங்பேயின் நடுநாயகம் எஸ்.இ.ஜி. பிளாசா. மின்னணுச் சந்தை அங்கே 1988-லேயே தொடங்கிவிட்டது. இப்போதிருக்கும் கோபுரம் 2000-இல் எழுந்தது. 2021 மே மாதம், நிலநடுக்கம் எதுவும் இல்லாமலே அந்தக் கோபுரம் ஆடத் தொடங்க, ஆயிரக்கணக்கானோர் தெருவில் ஓடியது உலகச் செய்தியானது. உச்சியிலிருந்த கம்பங்கள் காற்றில் அதிர்ந்ததே காரணம் என்று கண்டு, அவற்றைக் கழற்றிவிட்டுத்தான் மறுபடி திறந்தார்கள். உள்ளே நுழைந்தால் தளத்துக்குத் தளம் கண்ணாடி மேசைகள். ஒரு மேசை ஒரு கடை. ஒருவரிடம் மின்தடைகள் மட்டும்; அடுத்தவரிடம் ஸ்விட்சுகள் மட்டும்; அதற்கடுத்தவரிடம் குறிப்பிட்ட ஒரே வகை கனெக்டர், அதிலேயே எண்ணற்ற நீளங்கள். சுருள் சுருளாகச் சில்லுகள். ஒட்டுநாடாவைப் பிய்க்கும் ஓசை எந்த மாடிக்குப் போனாலும் நிற்பதில்லை. எங்கோ ஒரு நாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மேசைக்கு அடியில் ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய பென்சில் பெட்டி காலியான சில்லுத் தட்டு.

மொழி தெரியாமல் இங்கே வாங்க முடியுமா என்றால், முடியும். ஆண்ட்ரூ ஹுவாங், ‘பன்னி’ என்ற செல்லப்பெயரால் அறியப்பட்டவர், 2016-இல் இந்தக் கடைவீதிக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார். பக்கத்தைத் திறந்து சொல்லை விரலால் காட்டினால் போதும்: எத்தனை வேண்டும், எந்த உறை, புதியதா பழையதா. கைபேசி மொழிபெயர்ப்பு வந்துவிட்ட பிறகும் அந்தக் கையேட்டின் அருமை குறையவில்லை. சரக்கின் பெயர்களைக் கைபேசி அடிக்கடி தப்பாகச் சொல்கிறது, கையேடு சொல்வதில்லை.

பேனல் விற்கும் கடைகள் கண்ணைக் கூச வைக்கின்றன. பெயர்கள் எல்லாம் பி என்ற எழுத்தில் தொடங்குகின்றன: பி2.5, பி3, பி4, பி5. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரம் அத்தனை மில்லிமீட்டர். கிட்ட நின்று படிப்பதற்கு நெருக்கமானது வேண்டும். தெருவைத் தாண்டிப் படிக்க விரிந்தது போதும். நூலக வாசலுக்கு நான் எடுத்தது பி4: அகலத்தில் 64 புள்ளி, உயரத்தில் 32 புள்ளி, அளவு 256-க்கு 128 மில்லிமீட்டர். அப்படி மூன்று. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று டயோடுகள். மூன்று பேனலிலும் சேர்த்து 18,432 விளக்குகள். ஒரு கைப்பையில் அடங்கிவிட்டன.

இதில் நீலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962-இல் செய்துவிட்டார். அதன் பிறகு பிரகாசமான நீலத்துக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. ரயில் நிலையப் பலகைகள் வெகுகாலம் சிவப்பிலும் மஞ்சளிலுமே ஓடியதற்குக் காரணம் அதுதான். இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் நகோயாவில் கேலியம் நைட்ரைடு படிகத்தோடு மல்லுக்கட்டினார்கள். ஷூஜி நகாமுரா தொகுஷிமா மாநிலத்தில் ஒரு சிறிய கம்பெனியில் தனியாக அதே படிகத்தோடு போராடினார். 1993-இல் பளிச்சிடும் நீல விளக்கு வெளியே வந்தது. 2014-இல் மூவருக்கும் இயற்பியல் நோபல். மூன்று நிறமும் கிடைத்த பிறகுதான் வெள்ளை வந்தது, முழுநிறப் பலகை வந்தது. ஷென்ஜெனின் இந்தத் தெருவுக்கு வேலையும் வந்தது.

பேனலைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் வரிசை வரிசையாகச் சில்லுகள். இரண்டு முனையிலும் 16 பின் கொண்ட செருகி. உள்ளே வருவதற்கு ஒன்று, அடுத்த பேனலுக்குப் போவதற்கு ஒன்று. இந்த இணைப்பு முறைக்கு ஹப்75 என்று பெயர். பேனலுக்கு நினைவாற்றல் என்பது அநேகமாகக் கிடையாது. எந்தப் புள்ளி எந்த நிறம் என்று ஒருமுறை சொல்லிவிட்டு ஓய்வெடுக்க முடியாது. சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டடவேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவார்களே, சில்லுகள் அப்படித்தான் வேலை செய்கின்றன. கடிகாரக் கம்பி ஒருமுறை துடித்தால், ஒவ்வொருவர் கையிலுள்ளதும் அடுத்தவர் கைக்குப் போகும். 64 துடிப்பில் ஒரு வரிசை நிரம்பும். பிறகு லாட்ச் என்ற கம்பி, ‘இதுதான், பிடித்துக்கொள்’ என்று சொல்லும். வெளியீட்டுக் கம்பி விளக்கை ஏற்றும். 32 வரிசையும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. மேல்பாதியில் ஒன்று, கீழ்ப்பாதியில் ஒன்று, இரண்டு வரிசைகள் மட்டும் எரிந்து அணைய, அடுத்த இரண்டு எரியும். எந்த விளக்கும் தன் நேரத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் எரிவதில்லை. முழுப்படமாகச் சேர்த்துக்கொள்வது நம் கண்.

ஒரு பேனலுக்கு ஆறு நிறக் கம்பிகள். மேல்பாதிக்கு மூன்று, கீழ்ப்பாதிக்கு மூன்று. மூன்று பேனல் சங்கிலிகளைத் தனித்தனியாக ஓட்டினால் 18. எந்த வரிசை என்று சொல்ல, பெரிய பேனல்களையும் கணக்கில் வைத்து, ஐந்து கம்பிகள். கடிகாரம், லாட்ச், வெளியீடு என்று மூன்று. கூட்டினால் 26. ராஸ்பெர்ரி பையின் 40 பின் வரிசையில் நாம் பயன்படுத்தக் கிடைப்பவை எத்தனை தெரியுமா? 2 முதல் 27 வரை எண்ணிட்ட 26 கால்கள். ஒன்றுகூட மிச்சமில்லை, ஒன்றுகூடக் குறைவில்லை. செல்லரின் போர்டை முதன்முதலில் வரைபடத்தில் படித்தபோது இந்தக் கணக்கு எனக்குத் தந்த மகிழ்ச்சியை இன்னும் அனுபவிக்கிறேன். கையிலிருப்பது இவ்வளவுதான் என்று தெரிந்து, அதில் ஒரு துளியும் சிந்தாமல் செய்த வேலை.

அப்படியானால் கம்பிகளை நேராகக் கொண்டுபோய்ப் பேனலில் செருகிவிட வேண்டியதுதானே, நடுவில் போர்டு எதற்கு? ராஸ்பெர்ரி பை பேசுவது 3.3 வோல்ட். பேனல் ஓடுவது 5 வோல்ட். பேனலின் வாசலில் வழக்கமாக உட்கார்ந்திருப்பது 74எச்சி245 என்ற சில்லு. ஐந்து வோல்ட்டில் ஓடும்போது, வருவது ‘ஒன்று’ என்று அது உறுதியாக ஏற்க 3.5 வோல்ட் வேண்டும் என்கிறது அதன் தரவுத்தாள். 3.3 அதற்குக் கீழே. பல நேரம் ஓடத்தான் செய்யும், ஏனென்றால் சில்லின் உண்மையான எல்லை அது ஓடும் வோல்ட்டில் பாதிக்கு அருகில் இருக்கும். ஆனால் கேபிள் நீளமானால், பக்கத்தில் மோட்டார் ஓடினால், எழுத்துக்கு நடுவே எங்கிருந்தோ பொறிகள் தெறிக்கும். இதற்கு மருந்து அதே குடும்பத்தின் 74எச்சிடி245. பெயரில் ஓரெழுத்துதான் கூட. 2 வோல்ட் வந்தாலே ‘ஒன்று’ என்று ஏற்று, மறுபக்கம் முழு ஐந்தாக வெளியே தள்ளும். ஒரு சில்லில் எட்டு வாசல்கள். நான்கு சில்லில் 32. நம்முடைய 26 தாராளமாகப் போகும். டிரைவர் போர்டு என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்த சாமானின் உயிர் இந்த நான்கு சில்லுகள்தான். மற்றவை அனைத்தும் வழியும் செருகியும்.

அந்தச் சில்லைத்தான் கவனமாக வாங்க வேண்டியிருந்தது. பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கியவையும், முதுகைச் சுரண்டி வேறு எண் அச்சிட்டவையும் உலகச் சந்தையெங்கும் உலவுகின்றன. ஒரு மேசையில் சுருளிலிருந்து கொஞ்சம் வெட்டி வாங்கி, விடுதி அறையில் சோதித்தேன். சோதனை எளிது. சில்லுக்கு ஐந்து வோல்ட் கொடுத்து, உள்ளீட்டுக் காலில் ஒரு திருகு மின்தடையை வைத்துப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும். எச்சிடி என்றால் ஒன்றரை வோல்ட் அளவில் மறுபக்கம் தாவும். வெறும் எச்சி என்றால் இரண்டரை வரை அசையாது. என்னுடையவை ஒன்றரையில் தாவின.

கட்டுவதற்கு இடம் வேண்டும். 2011-இல் தொடங்கிய சாய்ஹுவோ என்ற மேக்கர் கூடம் இந்த ஊரில் பேர்பெற்றது. 2015 ஜனவரியில் பிரதமர் லி கெச்சியாங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் எனக்கு இடம் கொடுத்தது கடைவீதியின் பின்சந்தில் கைபேசி பழுது பார்க்கும் ஒரு சிறு கடை. நடத்தியவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. சில்லு வாங்கிய மேசைக்காரர்தான் அவரிடம் அனுப்பினார். இரண்டு உருப்பெருக்கிகள், சூடான காற்றுக் குழல், நுனி மாற்றும் சால்டரிங் அயர்ன், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். மேசைக்கு மணிக்கு இவ்வளவு என்று சுவரில் எழுதியிருந்தது. கைபேசியின் மொழிபெயர்ப்புக் குரல் வழியாகப் பேசிக்கொண்டோம். என் போர்டை வாங்கி ஒளியில் சாய்த்துப் பார்த்தார். “யார் வரைந்தது?” “வேறொருவர். எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்திருக்கிறார்.” “பணம்?” “இல்லை.” அவர் இன்னொரு முறை போர்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது உருப்பெருக்கியை என் பக்கம் நகர்த்தினார்.

போர்டு கட்டுவதில் வரிசை முக்கியம். குட்டையானவை முதலில், நெட்டையானவை கடைசியில். செருகிகளை முதலில் வைத்துவிட்டால் அவற்றின் சுவர் தடுத்து, சில்லின் காலுக்கு அயர்ன் போகாது. ஆகவே முதலில் நான்கு சில்லுகள். ஒவ்வொன்றுக்கும் இருபது கால்கள், ஒரு காலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.65 மில்லிமீட்டர். போர்டில் கால் இறங்கும் தகட்டில் ஒரே ஒரு மூலைக்குத் துளி ஈயம். சில்லை இடுக்கியில் பிடித்து, புள்ளி வைத்த முனை போர்டின் அடையாளத்துக்கு நேராக வருகிறதா என்று பார்த்து, அந்த ஈயத்தை உருக்கி ஒட்ட வேண்டும். இப்போது உருப்பெருக்கியில் நான்கு பக்கமும் பார்க்கலாம். கோணலாக இருந்தால் ஒரே காலை உருக்கித் திருப்பிவிடலாம். நேராக அமர்ந்த பிறகு எதிர்மூலை. பிறகு இரண்டு பக்கமும் தாராளமாக ஃப்ளக்ஸ். நுனியில் ஈயத்தோடு அயர்னைக் கால்வரிசையின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தால், ஈயம் காலையும் தகட்டையும் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். நடுவில் உள்ள பச்சைப் பூச்சில் ஒட்டாது. ஃப்ளக்ஸ் போதாத இடத்தில் மட்டும் இரண்டு கால்களுக்கிடையே பாலம் விழும். செம்புப் பின்னலை வைத்து அழுத்தினால் மிகுதி ஈயம் உறிஞ்சப்பட்டுவிடும்.

அந்தப் பெண்மணி என் வலப்புறம் ஒரு கைபேசி போர்டில் மணலளவு கெப்பாசிட்டர்களை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் கை அசைவதே தெரியவில்லை. என் மூன்றாவது சில்லைப் பார்த்துவிட்டு, அயர்ன் நுனியைக் கழற்றி, கத்தி போல் சாய்ந்த வேறொரு நுனியை மாட்டிக் கொடுத்தார். நான்காவது சில்லு முதல் மூன்றையும்விடப் பளபளப்பாக வந்தது.

ஒவ்வொரு சில்லுக்கும் அருகில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. எட்டு வாசலும் ஒரே கணத்தில் தாவும்போது சில்லு திடீரென்று மின்னோட்டம் கேட்கும். தூரத்து மின்வழங்கியிலிருந்து அது வந்து சேருவதற்குள் கொடுத்துதவ, பக்கத்திலேயே ஒரு சிறு இருப்பு. பிறகு மூன்று 16 பின் செருகிகள், கடைசியாக 40 பின் செருகி. செருகியின் சுவரில் வெட்டிய பள்ளம் எந்தத் திசை என்பதைப் போர்டில் அச்சிட்ட கோட்டோடு ஒப்பிட்டுத்தான் வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் கேபிளும் திரும்பும், நிறமும் தரையும் இடம் மாறும். சில்லுகளில் 80, செருகிகளில் 88, ஆக 168 இணைப்புகள், கெப்பாசிட்டர்கள் தனி. மின்சாரம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரில் ஐந்து வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒலி எழவில்லை என்று பார்த்து, பிறகு பக்கத்துப் பக்கத்துக் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பேனல்களுக்கு மின்சாரம் இந்தப் போர்டு வழியாகப் போகக் கூடாது. முழு வெள்ளையில் ஒரு பேனல் 4 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குத் தடித்த கம்பி, 5 வோல்ட் 20 ஆம்பியர் மின்வழங்கி, நேரடி இணைப்பு.

எல்லாம் சரியாக இருந்தும் பேனல்கள் இருட்டாகவே கிடந்தன. போர்டின் வெளியீட்டில் துடிப்புகள் நன்றாகத் தெரிந்தன. பேனலின் முதுகை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்தோம். நிறச் சில்லுகளின் மேல் எஃப்எம்6126ஏ என்ற எண். விஷயம் உடனே விளங்கியது. பழைய வகைச் சில்லுகள் மின்சாரம் வந்ததும் வேலைக்குத் தயார். இந்த வகைக்குள் கட்டுப்பாட்டுப் பதிவேடுகள் உண்டு. முதலில் ஒரு குறிப்பிட்ட பிட் வரிசையை அனுப்பி, லாட்ச் கம்பியைக் கடைசிச் சில துடிப்புகள் முழுக்க உயர்த்திப் பிடித்து அவற்றை நிரப்ப வேண்டும். அதன் பிறகுதான் எரியும். மூடிய கட்டுப்பாட்டு அட்டைகள் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. செல்லரின் தொகுப்பில் இதற்கான வழி ஏற்கெனவே சேர்ந்திருந்தது. பேனலின் வகை எஃப்எம்6126ஏ என்று கட்டளையில் ஒரு சொல் சேர்த்தேன். மூன்றும் ஒருசேரச் சிவந்தன. அந்தப் பெண்மணி நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இனி நேரக்கணக்கு. விளக்கு எரியும் அல்லது அணையும். மங்கலாக எரியச் சொல்ல முடியாது. மங்கலை நேரத்தால் செய்ய வேண்டும். இந்தத் தொகுப்பு ஒரு நிறத்தின் அளவை 11 பிட்டுகளாகப் பிரிக்கிறது. முதல் பிட்டுக்கு வரிசை எரிவது 130 நானோவிநாடி, அடுத்ததற்கு 260, அதற்கடுத்து 520, இப்படி இரட்டித்துக்கொண்டே போய்க் கடைசிப் பிட்டுக்கு 133 மைக்ரோவிநாடி. பிட்டுகளைத் தேவைப்படி சேர்த்தால் 2048 படிகள். கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை என்பதால் அதற்கும் ஒரு திருத்தக்கணக்கு உள்ளே உண்டு. நானோவிநாடியில் அளக்க வேண்டிய வேலையை லினக்ஸ் ஓடும் கணினியில் எப்படிச் செய்வது? வெளியீட்டுக் கம்பியை 18-ஆம் காலில் வைத்ததன் சூட்சுமம் அதுதான். அந்தக் காலுக்குப் பின்னால் துடிப்பைத் தானே அளந்து விடும் வன்பொருள் உள்ளது. அதே வன்பொருளைத்தான் ராஸ்பெர்ரி பை தன் ஒலிக்கும் பயன்படுத்துகிறது. எனவே ஒலியை நிறுத்திவிட வேண்டும். செயலியின் நான்கு மையங்களில் ஒன்றை மற்ற வேலைகளிலிருந்து விலக்கி, பேனலுக்கே ஒதுக்கினேன். லேசாக இருந்த சிமிட்டல் நின்றது.

பிறகு தமிழ். தொகுப்போடு வரும் புள்ளி எழுத்துருக்கள் ஓர் எழுத்துக்குப் பின் ஓர் எழுத்தாக வைத்துப் போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். ஒருங்குறியில் ‘செ’ என்பது முதலில் சகரமாகவும் அடுத்து கொம்பாகவும் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். நூலகரின் பழைய பலகை தடுமாறியது இந்த இடத்தில்தான். ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற எழுத்தமைப்புப் பொறி இதைச் சரியாகச் செய்யும். வரியை அதன் வழியாக விட்டு, கிடைக்கும் வடிவத்தைப் புள்ளிப்படமாக்கிப் பேனலுக்கு அனுப்பினேன். நூலகர் தட்டச்சு செய்தால் போதும். படம் வரைய வேண்டாம். ஆனால் 16 புள்ளி உயரத்தில் எந்த எழுத்துருவும் அப்படியே அழகாக வந்துவிடவில்லை. விளிம்பை மழுப்பும் வசதியை நிறுத்தி, சில எழுத்துகளைக் கையால் திருத்த வேண்டியிருந்தது. ணகரத்தின் சுழிக்கு னகரத்தைவிடப் பத்தி கூடுதலாக வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உடலுக்கும் நடுவே ஒரு வரிசையாவது அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூரத்திலிருந்து ‘ம்’ என்பது ‘ம’ ஆகிவிடும், சொல்லே மாறிவிடும். ‘நூலகம்’ என்று மஞ்சளில் எரிந்தது. புள்ளி தெளிவாகத் தனித்து நின்றது. கடைக்கு வந்திருந்த யாருக்கும் அது என்ன எழுத்தென்று தெரியாது. இருந்தும் ஒவ்வொருவராக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றிரவு லியான்ஹுவாஷான் குன்றின் மேல் ஏறிப் பார்த்தேன். உச்சியில் தெங் சியாவ்பிங் சிலை, நகரத்தை நோக்கி நடக்கும் கோலத்தில். எதிரே ஃபூத்தியன் பகுதிக் கட்டடங்கள். முகப்பு முழுக்க எல்.இ.டி. பதித்து, குறிப்பிட்ட இரவுகளில் ஒரே படத்தைப் பல கோபுரங்கள் பகிர்ந்து காட்டுகின்றன. பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் என்ன எரிய வேண்டும் என்பதை நகரம் முடிவு செய்கிறது. என் மனம் பின்சந்து மேசையில் இருந்த சிறு பலகையையே சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த ஊருக்கும் பகிர்தல் புதிதல்ல. கைபேசி பெருகிய காலத்தில் இங்கே ‘கோங்பான்’ என்ற வழக்கம் இருந்தது. ஒரு வடிவமைப்புக் கூடம் பொதுவான போர்டு ஒன்றைச் செய்து விடும். சிறு தொழிற்சாலைகள் அதை எடுத்துத் தங்களுக்கு வேண்டிய கைபேசியைக் கட்டிக்கொள்ளும். ஒப்பந்தத் தாள்கள் குறைவு, பழக்கமும் பேச்சும்தான் அதிகம். அந்த வேகத்தில்தான் இந்தத் தெரு வளர்ந்தது. அதன் குறை, அறிமுகம் இல்லாதவனுக்கு அந்தக் கதவு திறக்காது என்பது. செல்லரின் போர்டை நான் கட்டுவதற்கு அவரைச் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. திறந்த வன்பொருளின் பெரிய பலம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே சமயம், அந்த நுனியை மாற்றிக் கொடுத்த கை இல்லாமல் நான்காவது சில்லு அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. கோப்புக்குள் அது இல்லை.

மறுநாள் பேனல்களைப் பெட்டியில் அடுக்கப் போனபோது, அந்தப் பெண்மணி தன் கணினியில் கீகேடை நிறுவி வைத்திருந்தார். போர்டின் கோப்பைக் கேட்டார், கொடுத்தேன். திறந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது, செருகிகளுக்கு இடையே இருந்த நெருக்கம். கேபிளைப் பிடுங்க விரல் போகவில்லை என்று முந்தின நாளே பார்த்திருக்கிறார். சற்றுத் தள்ளி வைத்து, தடங்களை மறுபடி ஓட்டினார். பிறகு கேட்டார்: “நான்காவது சங்கிலி சேர்க்க முடியுமா?” 26 கால்களும் தீர்ந்துவிட்ட கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு அட்டையை எடுத்து வந்தார். பெரிய திரைகளுக்குள் இருக்கும் கலர்லைட் 5ஏ-75பி. எட்டு ஹப்75 செருகிகள், இரண்டு ஈதர்நெட் வாசல்கள், நடுவில் லாட்டிஸ் கம்பெனியின் ஈசிபி5 வகை எஃப்பிஜிஏ, அதாவது உள்சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சில்லு. விற்பனைக்கு வரும்போது மூடிய அட்டை. ஆனால் ஆர்வலர்கள் அதன் ஒவ்வொரு காலும் எங்கே போகிறது என்று தடம்பிடித்து வெளியிட்டுவிட்டார்கள். யோசிஸ் போன்ற கட்டற்ற கருவிகளாலேயே அதற்கு நாம் புதிய நிரல் எழுதி ஏற்றலாம். அதைச் சொன்னதும், போர்டில் எந்த இடம் என்று கேட்டார். தடம்பிடித்தவர்கள் போட்ட படத்தைக் கைபேசியில் காட்டினேன். நிரல் ஏற்றுவதற்கான நான்கு ஜேடாக் புள்ளிகளில், நான் பெட்டியை மூடுவதற்குள், நான்கு மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்டார்.